பனியன் போட்ட புள்ளை

1

துறைமுகத்துப் பக்கம் கொட்டடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கம்பெனி ஜன்னல் வழியாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை விழா, அதற்கு இப்போதே பழகுகிறார்கள். சத்தம் காதில் விழுந்ததும், மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

எனக்கு வெசனம் ஜாஸ்தி என்பது ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மங்கலத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறினால், இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கடலைத் தாண்டி வந்து, ஆப்பிரிக்காக் கரையில் மொம்பாசா என்கிற ஊரில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். எப்படி முடிந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

விழாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் மாரியம்மனுக்கு எடுத்தாலும் சரி, வேறு எந்தச் சாமிக்கு எடுத்தாலும் சரி, நோம்பி என்றுதான் சொல்வோம். அதனால் என் மனைவி ருக்குமணி இதற்குக் ‘கடல் நோம்பி’ என்று பெயர் வைத்துவிட்டாள். ஆனால் இதில் சாமி கிடையாது. பாய்மரக் கப்பல்களுக்கும், அவற்றை ஓட்டிப் பிழைத்தவர்களுக்கும் இந்த ஊர்க்காரர்கள் செய்கிற மரியாதை இது. மார்கழி தை மாதங்களில் வாடைக்காற்றைப் பிடித்துக்கொண்டு அரபு நாட்டிலிருந்தும் கட்ச் பக்கத்திலிருந்தும் கப்பல்கள் வந்து சேரும். பேரீச்சம்பழமும் ஜமுக்காளமும் இறக்கிவிட்டு, பழைய துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். காற்று திரும்புகிற சமயத்தில் அவற்றை வழியனுப்ப வேண்டும். கப்பலுக்கெல்லாம் கொடி கட்டி, கொட்டு முழக்கி, படகுப் பந்தயம் விட்டு, வயதான மாலுமிகளுக்குச் சால்வை போர்த்துவார்கள். ஊரே கரையில் நிற்கும்.

இந்தக் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு போகிற காற்றுதான் அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கு வருகிற மேல்காற்று என்று இங்கே ஒருவர் எனக்கு விளக்கினார். ஆடி மாதத்தில் நொய்யல் கரையில் வெளுத்துப் போட்ட துணியைப் பறக்கடிக்கிற அதே காற்று. நான் இங்கே நின்று அனுப்பிவைப்பதை நீங்கள் அங்கே வாங்கிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் நடந்ததை நினைத்து இன்னும் கை நடுங்குகிறதே என்று ருக்குமணியிடம் சொன்னேன். எழுதி அனுப்பிவிடுங்கள், படிக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நடுங்கட்டும் என்றாள்.

2

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில், ஒரு மாதம் மட்டும் என்று சொல்லித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அங்கே ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதை மாட்டி முடித்ததும் போகலாம் என்று இருந்தேன். இன்றுவரை மாட்டி முடித்தபாடில்லை.

பனியன் துணி பின்னுகிற அந்த வட்ட மெஷின்களில் பழைய எட்டை ஒரு குஜராத்தி சேட் விலைக்கு வாங்கினார். மொம்பாசாவில் கம்பெனி வைக்கப்போகிறார், மாட்டிக் கொடுத்து ஓட்டவும் ஆள் வேண்டும் என்றார். மெஷினோடு சேர்த்து என்னையும் கட்டி அனுப்பிவிட்டார்கள். கப்பலில் இருந்த நாள் முழுவதும் நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கிய அன்றைக்கு, துறைமுகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பனியானி?” என்று கேட்டார்.

எனக்குப் பெரிய சந்தோஷம். இவ்வளவு தூரம் வந்தும் நம் சரக்கின் பெயர் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். ஆமாங்க, பனியன்தானுங்க என்று சொல்லி, ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, மாதிரிக்குக் கொண்டுவந்த கையில்லாத பனியன் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தேன். கழுத்துப் பட்டியை இழுத்துக் காட்டினேன். அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். பின்னால் வரிசையில் நின்ற சனங்களும் எட்டிப் பார்த்தார்கள்.

சேட்டின் ஆள் வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் கடல் தாண்டி இங்கே வியாபாரத்துக்கு வந்த குஜராத்தி இந்துக்களை இந்த ஊர்ச் சுவாஹிலி பாஷையில் பனியானி என்பார்களாம். அதிகாரி கேட்டது நீ அந்தச் சனமா என்று. நாம் உடம்பில் போடுகிற பனியனுக்கு இங்கே ‘ஃபுலானா’ என்று பெயர். அதிகாரி நல்ல மனுஷர். பனியனைத் தன் மார்பில் வைத்து அளவு பார்த்துவிட்டு, பத்தாது என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் காகிதத்தில் பனியானி என்று எழுதியதை அடிக்கவில்லை. நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்து, ஒரு கத்தரிக்காயைக்கூட பேரம் பேசி வாங்கத் தெரியாத நான், அன்று முதல் அரசாங்கக் காகிதத்தில் வியாபாரி.

காகிதம் என்றால் இன்னொன்றும் உண்டு. இந்த நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு, வெளிநாட்டுக்காரர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்த வேலையை உள்ளூர்க்காரர் செய்ய முடியாதா என்று அதில் கேட்பார்கள். முடியாது என்று சேட் எழுதிக் கொடுப்பார். என் கையில் வேலை கற்றுக்கொண்ட ஜுமா என்கிற உள்ளூர்க்காரன் என்னைவிட நன்றாக மெஷின் ஓட்டுகிறான். அந்தக் கடிதத்தை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதும் அவன்தான். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் பிரித்துப் படித்துவிடுவானோ என்று எனக்கு வெசனமாக இருக்கும். ஒரு தடவை படித்துவிட்டான். சிரித்துக்கொண்டே, முடியாது என்பதற்கு அடியில் இன்னொரு கோடு போடச் சொன்னான்.

3

நான் வந்து இரண்டு வருஷம் கழித்து ருக்குமணியும் எங்கள் மகள் வள்ளியும் வந்தார்கள். வள்ளிக்கு அப்போது மூன்று வயது. இந்த ஊர் வழக்கப்படி பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள். என்னை ‘பாபா வள்ளி’ என்பார்கள். வள்ளிக்கு அப்பா என்று அர்த்தம். ருக்குமணி ‘மாமா வள்ளி’. ஆமாம், இங்கே அம்மாவுக்குத்தான் மாமா என்று பெயர்.

இதனால் ஒரு வினை வந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் ஜுஹுரா என்கிற பெண்ணின் தாயார் இருக்கிறார். ஊரே அவரை மாமா ஜுஹுரா என்று கூப்பிடும். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். ருக்குமணிக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தலை வாரிவிட்டு, ஒரு வாரம் கூடவே இருந்தவர் அவர்தான். உடம்பு தேறியதும் ருக்குமணி தன் அண்ணனுக்கு ஒரு கடுதாசி எழுதச் சொன்னாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நீங்கள் யாரும் வெசனப்பட வேண்டாம், பக்கத்து ஊட்டு மாமா பகலெல்லாம் என்கூடவேதான் இருந்தார், தலைகூடச் சீவிவிட்டார் என்று எழுதி, மடித்து, ஒட்டித் தபாலில் போட்டேன்.

மச்சானிடமிருந்து பதில் எனக்குத்தான் வந்தது. ஒரே வரி. “மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?”

விளக்கி எழுதி, அவர் நம்பி, சமாதானமாக மூன்று கடுதாசி பிடித்தது.

இப்படி எங்கள் இரண்டு பேருக்கும் நாக்கு இடறிக்கொண்டே இருக்க, வள்ளிக்கு மட்டும் எதுவும் இடறவில்லை. வீட்டில் எங்கள் பேச்சு, தெருவில் சுவாஹிலி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எட்டு வயதிலேயே வீட்டுக்கு வருகிற காகிதத்தையெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். தண்ணீர் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, அனுமதிச் சீட்டு எல்லாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, அவள் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் தமிழில் கையெழுத்துப் போடுவேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சில சமயம் அவள் சுவாஹிலியில் சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போகும். ஜுஹுராவும் இவளும் வாசலில் உட்கார்ந்து ஏதோ கிசுகிசுப்பார்கள். நான் வந்தால் நிறுத்திக்கொள்வார்கள். பதினோரு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் என்பாள் ருக்குமணி. நமக்குத் தெரியாத பாஷையில் நம் பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறதே என்று எனக்குத்தான் தூக்கம் பிடிக்காது.

4

போன வருஷம், விழாவுக்குப் பத்து நாளைக்கு முன் வள்ளி பள்ளியிலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தாள். கடல் நோம்பிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கரையில் பாட்டுப் பாடுகிறார்கள், அதற்குச் சம்மதம் வேண்டும் என்றாள். பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சிவப்புக் கழுத்துப் பட்டி வைத்த வெள்ளைப் பனியன். சேட் இனாமாகத் தருகிறார். அது எனக்கும் தெரியும். துணி பின்னியதும் நான்தான், அளவு வெட்டியதும் நான்தான். வள்ளிக்கு உள்ளதை மட்டும் கொஞ்சம் இறக்கமாகவே வெட்டினேன்.

காகிதத்தில் நான்கு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். பெயர். வயது. மூன்றாவது வரி நீளமாக இருந்தது. அதைத் தாண்டி நான்காவதுக்குப் போனாள். பிள்ளைக்கு வியாதி ஏதாவது உண்டா என்று அதில் கேட்டிருந்தது. மூன்றாவதில் என்ன என்று கேட்டேன். அது டீச்சர் பார்த்துக்கொள்வது, நமக்கு இல்லை என்று சொல்லி, அதற்கு எதிரில் தானே ஒரு சரி போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

விழா நடந்த காலையில் கம்பெனியில் ஒரு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டுப் பழைய துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. ருக்குமணியும் மாமா ஜுஹுராவும் முன்னாலேயே வந்து கூட்டத்தில் எங்கேயோ இருந்தார்கள். அவிநாசித் தேருக்குக் கூடுகிற மாதிரி சனம். கப்பல்களில் கட்டியிருந்த கொடிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. முண்டியடித்துக்கொண்டு பாட்டுச் சத்தம் வந்த இடத்துக்குப் போனேன். படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். பனியன் போட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அவர்களுடைய டீச்சர் கோவாக்காரப் பெண்மணி, இங்கிலீஷில்தான் பேசுவார். அவரிடம் வள்ளி என்றேன். அவர் கடலைக் கை காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் வள்ளி என்றேன். கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து, ஒன்றை உருவி, என் கையெழுத்தின் மேல் விரல் வைத்தார். பிறகு மூன்றாவது வரியின் மேல் விரல் வைத்து, இரண்டு கைகளையும் வீசித் தண்ணீரில் நீந்துகிற மாதிரி செய்து காட்டினார். பிறகு மறுபடியும் கடலைக் காட்டினார்.

பன்னிரண்டு பேர் துடுப்புப் போடுகிற பிள்ளைகள் படகு கிளம்பி, துறைமுகத்தை ஒட்டிய பழைய கோட்டையின் முனையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்ட காகிதத்தில், தெரியும் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எனக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. மங்கலத்தில் தோட்டமும் கிணறும் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பையன்களெல்லாம் அவர்கள் கிணற்றிலேயே குதித்து நீச்சல் பழகுவார்கள். தறிக்காரத் தெருப் பையன்கள் நாங்கள் மேட்டில் நின்று பார்ப்போம். ஒருநாள் அவர்களில் ஒருவன் என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டான். கயிறு அவிழ்ந்து குடுக்கை ஒரு பக்கம் மிதந்தது; நான் ஒரு பக்கம் போனேன். யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். இப்போதும் குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த மூச்சுதான் அப்போது வந்தது. வெளியே போகவில்லை.

5

அப்படி நிற்கும்போதே கூட்டத்தில் சலசலப்பு. கீழ்ப் படித்துறைப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். யாரையோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற படகுக்காரனின் கையைப் பிடித்தேன். பத்து வருஷமாக ஃபுலானா பின்னி, ஃபுலானா வெட்டி, ஃபுலானா விற்கிற கம்பெனியில் ஃபுலானா என்றே பேசிக்கொண்டிருப்பவன் நான். அந்த நேரத்தில் அந்த வார்த்தை எங்கே போனதோ தெரியவில்லை. பனியன், ஒரு பிள்ளை, பனியன் பிள்ளை, பார்த்தாயா என்று கேட்டேன். பிள்ளை என்பது சுவாஹிலியில் வந்தது. பனியன் திருப்பூரிலிருந்து வந்தது.

அவன் முகம் மாறியது. “போலே, பாபா” என்றான். துக்கம் விசாரிக்கிறபோதும் ஆறுதல் சொல்கிறபோதும் இவர்கள் சொல்கிற வார்த்தை அது. ஆமாம், பனியானி வீட்டுப் பிள்ளை, பெண் பிள்ளைதான், தண்ணீரில் விழுந்துவிட்டது, சுங்கக் கொட்டகைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்றான்.

அவன் சொன்ன வார்த்தையும் நான் சொன்ன வார்த்தையும் ஒன்று என்றே என் காதில் விழுந்தது. ஓடினேன். எத்தனை பேரை இடித்தேன் என்று தெரியாது. ஓடும்போது மனசில் வந்தது முருகன் பெயர்கூட இல்லை. என் கையெழுத்துதான் வந்தது. மங்கலம் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது தமிழில் எழுதப் படிக்க மட்டும்தான். அந்த எழுத்தைக்கொண்டு என் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

கொட்டகைக்குள் ஒரு பெஞ்சில் போர்வை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஈர முடி தொங்கிக்கொண்டிருந்தது. வள்ளிக்கு உள்ள அதே நீளம். தாடையில் வெட்டுக்காயம், ஒரு நர்ஸ் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பெண் முனகிக்கொண்டே முகத்தைத் திருப்பியது.

வள்ளி இல்லை. துணிக்கடை வைத்திருக்கிற ஒரு குஜராத்திக்காரரின் மகள். வேடிக்கை பார்க்க வந்து, பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்திருக்கிறது. காயத்தைத் தவிர வேறு ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. அவள் அப்பா பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நம்ம புள்ளை இல்லீங்க. முருகா, நம்ம புள்ளை இல்லை” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கை இரண்டும் தானாகவே தலைக்கு மேல் குவிந்துவிட்டன.

அந்த மனுஷருக்குத் தமிழ் தெரியாது. முகம் தெரியாத ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து, தன் மகளைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக் கும்பிடுகிறான். அவளுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார். எழுந்து என் கைகளைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கைகளை எப்படி விடுவித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில், அப்புறம் உண்மையாகவே அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். முதலில் செய்திருக்க வேண்டியது; கொஞ்சம் பிந்திவிட்டது.

6

கொட்டகை வாசலில் ஜுமா வந்து நின்றான். நான் ஓடியதை எங்கிருந்தோ பார்த்திருக்கிறான். பாபா வள்ளி, இங்கே என்ன செய்கிறீர்கள் என்றான். சொன்னேன். யாரிடம் என்ன கேட்டேன் என்பதைத் திரும்பவும் சொல்லச் சொன்னான். சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு முட்டியது. காயம்பட்ட பெண்ணுக்காக வாயைக் கையால் பொத்திக்கொண்டு, என்னை வெளியே இழுத்து வந்து, “ஃபுலானா, பாபா. ஃபுலானா” என்றான். என் தோளைப் பிடித்துக் கடலுக்கு நேராகத் திருப்பினான்.

கோட்டை முனையைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் படகு வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு சிவப்புக் கழுத்துகள். ஏதோ பாடிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். முன்னாலிருந்து மூன்றாவது ஆள் வள்ளி. துடுப்பை இழுக்கும்போது என் மகள் முகத்தைச் சுளிக்கிறாள். அந்தச் சுளிப்பு எனக்குத் தெரியும். இறுகின திருகாணியைக் கழற்றும்போது எனக்கும் முகம் அப்படித்தான் போகுமாம், ருக்குமணி சொல்வாள்.

படகு கரை சேரக் கொஞ்சம் இருக்கும்போதே வள்ளி என்னைப் பார்த்துவிட்டாள். என் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். துடுப்பை வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தாள். நானும் செருப்போடு முழங்கால்வரை இறங்கிவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. வரவும் தேவைப்படவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, கையை மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் அவளுக்கு வழி விடுகிற மாதிரி நீந்தி வந்தாள். எனக்குப் பாதி மூச்சு அப்போது வெளியே போயிற்று.

மாமா ஜுஹுராதான் கற்றுக்கொடுத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் உள்ள கழிமுகத்தில், ஜுஹுராவோடு சேர்த்து, ஒரு வருஷமாக. கிசுகிசுத்ததெல்லாம் இதுதான். ருக்குமணிக்கும் தெரியும். அவளிடம் பிறகு கேட்டபோது, “சொன்னா நீங்க ஒரு வருசம் சோறு திங்க மாட்டீங்க, அதானுங்க” என்றாள். அது உண்மைதான்.

வள்ளியிடம் ஒன்றுதான் கேட்டேன். மூன்றாவது வரியை ஏன் விட்டாய் என்று.

பனியனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “படிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களாப்பா?” என்றாள்.

“மாட்டேன்.”

“அதுக்குத்தானுங்க உட்டுட்டேன்.”

அடிக்கத் தோன்றவில்லை. திட்டவும் தோன்றவில்லை. “அம்மிணி, எனக்கு இங்கிலீசு தெரியாது. நீ படிக்காம உட்டா, அந்த வரியே எனக்கு இல்லை. நான் பாட்டுக்குக் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தச் சமயத்தில் டீச்சர் வந்தார். என்னிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வள்ளிக்கு மட்டும் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. டீச்சர் முடித்ததும் அவள் பனியன் நுனியைப் பிழிந்தாள்.

“மத்தியானம் பெரிய கப்பலெல்லாம் கிளம்புதுங்கப்பா. வழியனுப்பறதுக்குப் புள்ளைங்க படகும் கூடப் போகுதாமுங்க. நானும் போலாமான்னு உங்களக் கேக்கச் சொல்றாங்க.”

சரி என்றேன், அதாவது கேட்டுக்கொண்டேன் என்கிற அர்த்தத்தில்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கப்போவதில்லை. ஒரு நிமிஷம் நிறுத்தவும் செய்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

“காத்து காலையில விட ஜாஸ்தியா இருக்குமாமுங்க. பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் அலை பெருசாமுங்க. ரெண்டு பேரு ஊட்டுல வேண்டாம்னுட்டாங்களாம்.” படகை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “நீங்க வேண்டாம்னு சொன்னாலும் தப்பில்லைன்னு சொல்றாங்க டீச்சர்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்கப்பா. ஒண்ணும் உடலீங்க.”

எனக்கு மீதி மூச்சும் அப்போதுதான் வெளியே போயிற்று. காற்றும் அலையும் அப்படியேதான் இருந்தன; என் பயமும் இருந்தது. ஆனால் எனக்குப் பிடிக்காததையும் தன் ஆசைக்கு எதிரானதையும் சேர்த்து, வரி விடாமல் என் பாஷையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஈரப் பனியனோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறாள் என் மகள். எந்தப் பாஷையில் சிரித்தால் என்ன, இவள் எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றியது.

“போயிட்டு வா, கண்ணு” என்றேன்.

அவள் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் சிரித்து, என்னைக் காட்டி இன்னும் என்னமோ சொன்னார். வள்ளி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“என்னங்கறாங்க?”

“பெரியவங்க படகு ஒண்ணு எங்க பின்னாலயே வருதாமுங்கப்பா. அதுல ஒரு எடம் இருக்குதாம். உங்களையும் வரச் சொல்றாங்க.”

“அந்த வரிய மட்டும் நீ உட்டிருக்கலாம், அம்மிணி” என்று சொல்லிக்கொண்டே, குனிந்து ஈரச் செருப்பைக் கழற்றினேன்.